ஸ்டென்ட் வைத்த பிறகு மறுபடி மூச்சு வாங்கியது: நான்கு மாதம் நான் அலைந்த கதை

மும்பை செம்பூரில் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். இருபது வருஷமாகக் கிருத்திகைக்குக் கிருத்திகை ஏறுகிற படிதான். போன வருஷம் ஆடிக் கிருத்திகையன்று பாதிப் படியில் என்னால் மேலே போக முடியவில்லை. நெஞ்சு வலி என்று எதுவும் இல்லை. இடது பக்கத் தாடையில், கடைவாய்ப் பல்லுக்குக் கீழே, விரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு நோவு. கூடவே மேல்மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பின்னால் வந்த ஒரு அம்மா, "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். இரண்டு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மேலே போய்க் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த நோவு எனக்குப் பழக்கமானது. ஐந்து மாதம் முன்னால், மார்ச்சில் எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கிற சின்னக் கம்பி வலை, வைப்பதற்கு முன்பு, இதே தாடையில் இதே மாதிரிதான் வந்தது.

எனக்கு 54 வயது. சர்க்கரை பதினோரு வருஷமாக இருக்கிறது. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில். ஃபோர்ட்டில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மார்ச்சில் ஆஞ்சியோ, அதாவது உள்ளே குழாய் விட்டுச் சாயம் ஏற்றி எடுக்கிற படம், பார்த்தபோது இதயத்தின் முன்பக்கம் இறங்குகிற முக்கிய ரத்தக்குழாயில், எல்.ஏ.டி. என்று சொல்வார்களே அதில், அடைப்பு இருந்தது. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒரு அடைப்பு, ஒரு ஸ்டென்ட், முடிஞ்சுது" என்றார் டாக்டர். நானும் முடிந்தது என்றே நினைத்தேன். வைத்த ஸ்டென்ட்டுக்கு உள்ளேயே மறுபடி அடைக்கலாம் என்று அன்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 1977-ல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் என்ற மருத்துவர் முதன்முதலாக இதயக் குழாயில் பலூன் விட்டு அடைப்பைத் திறந்தார். அந்தக் காலத்திலிருந்தே இந்தத் தொல்லை உண்டு. வெறும் பலூன் மட்டும் போட்ட நாட்களில் மூன்றில் ஒருவருக்கு, சில சமயம் அதற்கும் மேலே, சில மாதங்களில் குழாய் மறுபடி குறுகிவிடும். மருந்து பூசாத கம்பி வலை ஸ்டென்ட் வந்ததும் அது நான்கைந்து பேரில் ஒருவர் என்று ஆனது. மருந்து பூசிய ஸ்டென்ட் வந்த பிறகு பத்தில் ஒருவருக்கும் குறைவு. உள்ளே காயம்பட்ட குழாய்ச் சுவர் ஆறும்போது தசை அளவுக்கு மீறி வளர்ந்து வழியை அடைக்கிறது. பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ளேயே இது தெரிய வரும். சர்க்கரை இருப்பவர்களுக்கும், குழாய் சிறியதாக இருப்பவர்களுக்கும், நீளமான ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். எனக்கு மூன்றுமே இருந்தது. இது திடீரென்று ரத்தம் உறைந்து ஸ்டென்ட் அடைபடுவதிலிருந்து வேறு. அது ஒரே நிமிஷத்தில் மாரடைப்பாக வரும். இது மெல்ல மெல்ல, படி ஏறும்போது, பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்கும்போது எட்டிப் பார்க்கும்.

அந்த மெல்ல மெல்லத்தான் என்னை ஏமாற்றியது. ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. பக்கத்து கிளினிக் டாக்டர், "ஸ்டென்ட் வச்சு அஞ்சு மாசம்தானே ஆகுது, இது கேஸ்" என்றார். சாப்பிட்டவுடன் மாடி ஏறினால் அதிகமாக இருக்கிறது என்று நானே சொன்னேன், அதனால் அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. வயிற்று டாக்டரிடம் போனேன். எண்டாஸ்கோப்பி, மாத்திரை எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய், செப்டம்பர் மாதம் முழுவதும் போயிற்று. வயிறு சுத்தமாக இருந்தது. சாப்பிட்ட பிறகு நடந்தால் இதய நோவு கூடுவது வழக்கம்தான், அதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை என்று டிசம்பரில்தான் ஒருவர் எனக்குச் சொன்னார். நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் முதலில் இதயத்தைப் பாருங்கள். பெண்களுக்கு அது தாடையிலும், தோளிலும், முதுகிலும், வெறும் மூச்சிரைப்பாகவும் வரும். எனக்கு ஒரு தடவை வந்து பார்த்தும் நான் வயிற்றை நம்பினேன்.

அக்டோபரில் இதய டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோவில் இதயம் சுருங்கி விரிவதைப் பார்த்தார்கள், இரண்டும் நார்மல். ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுகிற டிகாக்ரெலார் மாத்திரையால் மூச்சிரைப்பு வரலாம் என்று அதை நிறுத்தி, அதே வேலைக்கு க்ளோபிடோக்ரல் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையால் மூச்சிரைப்பு வருவது உண்மைதான், அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை தாடையில் நோவு கொடுக்காது. எக்கோ நார்மல் என்று கேட்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அது எவ்வளவு அர்த்தமில்லாத நிம்மதி என்று இப்போது புரிகிறது. எங்கள் கட்டிடத்தில் மத்தியானம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் மூன்றாம் மாடியிலும் தண்ணீர் நன்றாக வரும். காலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் திறந்தால் எனக்கு நூல் மாதிரிதான் வரும். குழாய் அடைத்திருப்பது அப்போதுதான் தெரியும். படுத்துக்கொண்டு எடுக்கிற ஈ.சி.ஜி.யும் எக்கோவும் மத்தியானம் மூன்று மணி சமாச்சாரம். குழாய் பாதிக்கு மேல் குறுகியிருந்தாலும் சும்மா இருக்கும்போது இதயத்துக்கு அந்த ரத்தம் போதும். இதயத்தை வேலை வாங்கிப் பார்த்தால்தான் குறை வெளியே வரும்.

சரி, வேலை வாங்கிப் பார்ப்போம் என்று டி.எம்.டி. எழுதிக் கொடுத்தார்கள், அதாவது டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈ.சி.ஜி. பார்ப்பது. 1,800 ரூபாய். அக்டோபர் 10 காலை. சுடிதார் டாப்பைக் கழற்றி, முன்பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு கவுன் கொடுத்தார்கள். மார்பில் பத்து இடத்தில் ஒட்டி, ஒயர் மாட்டி, இடுப்பில் பெல்ட் கட்டினார்கள். டெக்னீஷியன் சின்னப் பையன், "ஆன்ட்டி, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்று இந்தியில் சொன்னான். பிடித்துக்கொண்டேன், பாதி உடம்பைக் கம்பியில் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டை வேகம் கூடி மேட்டுப்பக்கம் தூக்கிக்கொண்டே போகும். இரண்டாவது கட்டத்தில் கால் வலித்தது, மூச்சு வாங்கியது, தாடையிலும் லேசாகத் தொடங்கியது. அதை நான் சொல்லவில்லை. பரீட்சையில் பாஸ் ஆகிவிட வேண்டும் என்ற நினைப்பு. மகளுக்கு அப்போது ஆறாவது மாதம், மறுபடி ஆஸ்பத்திரி என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. "போதும்" என்றேன். 5 நிமிஷம் 40 விநாடி. ரிப்போர்ட்டின் அடியில் தடித்த எழுத்தில் "நெகட்டிவ்" என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் படித்தேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்த ஓ.பி.யில் டாக்டரும் அதைத்தான் படித்தார்.

அதே காகிதத்தில் நடுவில் இன்னொரு வரி இருந்தது. எட்ட வேண்டிய நாடித்துடிப்பு 141, எட்டியது 118. கணக்கு இதுதான்: 220-லிருந்து வயதைக் கழித்தால் எனக்கு 166. அதில் 85 சதவீதமாவது, அதாவது 141 வரைக்குமாவது, துடிப்பு ஏறினால்தான் இதயத்தைப் போதுமான அளவு வேலை வாங்கினோம் என்று சொல்ல முடியும். நான் 71 சதவீதத்தில் இறங்கிவிட்டேன். காரணம், தினமும் சாப்பிடுகிற மெட்டோப்ரலால். அது நாடித்துடிப்பை ஏறவிடாத மாத்திரை, அன்று காலையும் போட்டுக்கொண்டுதான் போனேன். அதனால் அந்த ரிப்போர்ட்டின் உண்மையான அர்த்தம் "அடைப்பு இல்லை" என்பதல்ல, "இவ்வளவு தூரத்துக்குள் எதுவும் தெரியவில்லை" என்பதுதான். டி.எம்.டி.க்குப் போகிறவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் முன்னால் என்று டாக்டரிடம் கேளுங்கள். தானாக நிறுத்திவிடாதீர்கள், இந்த வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் நோவு அதிகமாகிவிடும். சில டாக்டர்கள் வேண்டுமென்றே மாத்திரையோடு நடக்கச் சொல்வதும் உண்டு. கம்பியை விரல் நுனியால் தொட்டால் போதும், சாய்ந்து நடந்தால் கணக்கு கெட்டுவிடும். நடக்கும்போது எங்கே நோவு வந்தாலும் அந்த நிமிஷமே வாய்விட்டுச் சொல்லுங்கள், அதுவும் ரிப்போர்ட்டில் ஏற வேண்டிய விஷயம். இன்னொன்றும் இருக்கிறது. சரியாக நடந்தாலும்கூட டி.எம்.டி. கணிசமான பேருக்கு அடைப்பைத் தவறவிடும், எந்தக் குழாயில் என்றும் அதனால் சொல்ல முடியாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அந்த எந்தக் குழாய் என்பதுதானே முக்கியக் கேள்வி.

நெகட்டிவ் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். மகளிடம் வீடியோவில் அந்தக் காகிதத்தையே காட்டினேன். தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தேன். இரண்டு வாரம் நோவு வந்தபோதெல்லாம் "டெஸ்ட்டில்தான் ஒன்றுமில்லையே" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவம்பரில் முதல் மாடியிலேயே நிற்க ஆரம்பித்தேன். கீழ்வீட்டு மராத்தி அம்மா, காகு என்றுதான் கூப்பிடுவேன், கதவைத் திறந்து நாற்காலி போடுவார், நான் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வேன். இரவில் மொபைலைத் தலைமாட்டில் வைத்து, கதவுத் தாழ்ப்பாளைப் போடாமல் படுத்தேன். தனியாகச் செத்துக் கிடந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்குமே என்ற நினைப்பு. இதை இன்றுவரை மகளிடம் சொல்லவில்லை.

திரும்ப அதே டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தது. அவர் ஒன்றுமில்லை என்று சொன்னபிறகு மறுபடி போய் நின்றால் என்ன நினைப்பார் என்று. இந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை 14,500 ரூபாய். ஒரு ஸ்கேன் சென்டரில், இதயம் வரை குழாய் எதுவும் விடாமல் எடுக்கிற சி.டி. ஆஞ்சியோ, தள்ளுபடி விலையில் என்று போர்டு வைத்திருந்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே நானாகப் போனேன். சிறுநீரகத்துக்காக கிரியேட்டினின் என்ற ரத்த டெஸ்ட் பார்த்தார்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார்கள், துடிப்பு 60-க்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று கூடுதலாக ஒரு மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள், குழாய் விரிய நாக்கடியில் ஒரு மருந்து. கையில் சாயம் ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவியது. மூச்சை அடக்கச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்கள், ஒரே ஒரு கேள்வியைத் தவிர. என் ஸ்டென்ட் என்ன அளவு என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறினேன். லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டே பிரித்தேன். மற்ற குழாய்களில் லேசான படிவு, கவலை இல்லை. எல்.ஏ.டி. ஸ்டென்ட்: உலோகத்தின் மினுக்கத்தால் உட்பகுதியை மதிப்பிட முடியவில்லை. எதைத் தெரிந்துகொள்ளப் போனேனோ அதை மட்டும் காணோம். குர்லா வருவதற்குள் அழுதுவிட்டேன், பக்கத்தில் நின்ற பெண் எதுவும் கேட்காமல் தன் ஜன்னல் இடத்தை எனக்குக் கொடுத்தாள்.

சி.டி.யில் உலோகக் கம்பி தன் உண்மையான தடிமனைவிடப் பெரிதாக, ஒளி பூத்த மாதிரி தெரியும். ஸ்டென்ட் பெரியதாக இருந்தால் அந்த மினுக்கத்துக்கு நடுவில் வழி தெரியும். சிறியதாக இருந்தால் மினுக்கமே வழியை மூடிவிடும். 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் பார்க்கலாம், அதற்குக் கீழே நம்ப முடியாது என்பது பொதுவான கணக்கு. என்னுடையது 2.5. இந்த எண் என் வீட்டு பீரோவில்தான் இருந்தது. டிஸ்சார்ஜ் ஃபைலின் உள்பக்கத்தில் ஸ்டென்ட் பெட்டியிலிருந்து கிழித்து ஒட்டிய ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் பார்கோடுக்கு மேலே 2.50 × 28 என்று அச்சடித்திருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். எட்டு மாதம் அதை ஏதோ விலைச்சீட்டு என்று நினைத்திருந்தேன். உங்களுக்கோ அப்பா அம்மாவுக்கோ ஸ்டென்ட் இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அந்த ஸ்டிக்கரைத் தேடி மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அளவு எழுதியிருக்கும்.

சி.டி.யையே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் கட்டிடத்தில் ஒரு மாமா பன்னிரண்டு வருஷம் முன்னால் பைபாஸ் செய்துகொண்டவர். அவருக்கு சி.டி.யில் ஒட்டுக்குழாய்கள் எல்லாம் வரைந்து வைத்த மாதிரி தெரிந்தன. பைபாஸில் காலிலிருந்து எடுத்துப் போடுகிற ரத்தக்குழாய் பத்து வருஷத்தில் ஏறக்குறையப் பாதி பேருக்கு அடைத்துவிடும். மார்புக்குள்ளிருந்து எடுத்துப் போடுகிற தமனி பத்தில் ஒன்பது பேருக்கு அப்போதும் திறந்தே இருக்கும். அந்த ஒட்டுகள் அகலமானவை, உள்ளே கம்பியும் கிடையாது. அதனால் அவர்களுக்கு அது நல்ல டெஸ்ட். எனக்கு அல்ல.

டிசம்பர் முதல் வாரம், அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, சயானில் வேறு ஒரு இதய டாக்டரிடம் போனேன். வயதானவர். மிஷினைத் தொடுவதற்கு முன்னால் பதினைந்து நிமிஷம் பேசினார். "மார்ச்சில் எப்படி வந்தது? இப்போது எப்படி வருகிறது? எத்தனை படியில்?" நான் "அதே இடம், அதே மாதிரி" என்றதும் பேனாவை வைத்துவிட்டார். "இதை இவ்வளவு நாள் யாரிடமும் இப்படிச் சொல்லவில்லையா?" என்று கேட்டார். உண்மையில் சொல்லவில்லை. மூச்சு, கேஸ், களைப்பு என்றெல்லாம் சொன்னேனே தவிர, "ஸ்டென்ட்டுக்கு முன்னால் வந்தது திரும்பி வந்திருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லவே இல்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள், அதுவும் முதல் நிமிஷத்திலேயே. டி.எம்.டி. காகிதத்தில் அந்த 118-ஐ வட்டம் போட்டுக் காட்டியவரும் அவர்தான்.

நேராக ஆஞ்சியோவுக்கே போகலாம், அதில் தப்பில்லை என்றார். எனக்குப் பயம். அப்படியானால் இதயத்தை வேலை வாங்கி, கூடவே படமும் எடுக்கிற டெஸ்ட்டாகப் பார்ப்போம் என்றார். மூன்று வழி இருக்கிறதாம். ஸ்ட்ரெஸ் எக்கோ: நடக்க வைத்தோ டோபுட்டமின் ஊசியாலோ துடிப்பை ஏற்றி, எந்தப் பக்கத்துச் சுவர் சுருங்கத் தயங்குகிறது என்று பார்ப்பது. கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு, ஆனால் பார்க்கிறவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ.: படம் அருமையாக இருக்கும், எல்லா இடத்திலும் செய்வதில்லை. மூன்றாவது ஸ்ட்ரெஸ் தாலியம்: கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி, இதயச் சுவரில் எங்கே ரத்தம் போகிறது, எங்கே போதவில்லை என்று படம் எடுப்பது. அதைத்தான் எழுதிக் கொடுத்தார். பெயர்தான் தாலியம், இப்போது பெரும்பாலும் போடுவது டெக்னீஷியம் என்ற வேறு கதிரியக்கப் பொருள்.

நான்கு இடத்துக்குப் போன் செய்தேன். அதே டெஸ்ட்டுக்கு 12,000-லிருந்து 21,000 வரை சொன்னார்கள். ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசாங்கம் உச்ச விலை வைத்து, மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று ஆக்கியது. டெஸ்ட்டுகளுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை, எனவே கேட்டுத்தான் போக வேண்டும். டாக்டர் இரண்டு இடங்களின் படம் தெளிவாக இருக்கும் என்று சொல்லியிருந்தார், அதில் 16,000 சொன்ன இடத்தில் செய்துகொண்டேன்.

முந்தைய நாள் காலையிலிருந்து காபி, டீ, சாக்லேட், கோலா எதுவும் கூடாது என்றார்கள். தலைவலி மாத்திரையிலும் காஃபீன் இருக்கலாம், கேட்டுவிட்டுப் போடுங்கள் என்றும் சொன்னார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ஃபில்டர் காபி இல்லாமல் விடிந்ததில்லை, மண்டையைப் பிளந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போனால் நடக்க வைப்பதற்குப் பதிலாக அங்கே கொடுக்கிற, இதயக் குழாய்களை விரிக்கிற அடினோசின் மருந்து சரியாக வேலை செய்யாது, டெஸ்ட் மறுபடி பொய்யாக நெகட்டிவ் ஆகலாம். ஆஸ்துமா இருப்பவர்கள், டெரிஃபிலின் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள், சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று அதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை எட்டு மணிக்குப் போனவள் மூன்றரைக்குத்தான் வெளியே வந்தேன். முதலில் ஓய்வில் ஒரு ஊசி, காத்திருப்பு, படம். கையைத் தலைக்கு மேலே வைத்து இருபது நிமிஷம் அசையாமல் படுக்க வேண்டும், தோள் மரத்துப்போனது. அப்புறம் அடினோசின். ஏற ஆரம்பித்த ஒரு நிமிஷத்தில் முகம் கொதித்தது, நெஞ்சின் மேல் அரிசி மூட்டையை வைத்த மாதிரி இருந்தது, தாடை நோவு பழைய ஆளாக வந்து நின்றது. இந்தத் தடவை மறைக்கவில்லை. "தாடை வலிக்கிறது" என்றேன். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு நேரம் எழுதிக்கொண்டார். மருந்தை நிறுத்தியதும் கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் அடங்கியது. அடுத்து ஒரு தம்ளர் பாலும் வெண்ணெய் தடவிய பிரெட்டும் சாப்பிடச் சொன்னார்கள். கல்லீரலில் தங்குகிற கதிர்ப் பொருள் சீக்கிரம் கீழே இறங்கினால் இதயப் படம் தெளிவாக விழுமாம். மறுபடி படம். அன்று முழுவதும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளியிருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் வட்ட வட்டமாக வண்ணப் படம். ஓய்வில் எடுத்ததில் முன்பக்கச் சுவர் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தது. மருந்து கொடுத்து எடுத்ததில் அதே இடம் ஊதா. பெண்களுக்கு மார்பகத்தின் நிழல் விழுந்தும் முன்பக்கச் சுவர் மங்கலாகத் தெரியுமாம், அதனால் நானும் சந்தேகத்தைக் கேட்டேன். நிழல் என்றால் இரண்டு படத்திலும் இருக்கும், இது ஒன்றில் மட்டும் இருக்கிறது, அதனால் ரத்தம் போதாமைதான், ஸ்டென்ட் இருக்கிற அதே குழாயின் பகுதி என்றார் டாக்டர். கேட்டதும் எனக்கு வந்தது பயமில்லை. நான்கு மாதமாக நான் கற்பனை செய்யவில்லை என்ற ஆறுதல்தான் முதலில் வந்தது.

டிசம்பர் 18-ல் அட்மிட் ஆனேன். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. ஸ்டென்ட்டுக்குள் 90 சதவீதம் அடைப்பு. மறுபடி ஸ்டென்ட் வைக்காமல், மருந்து பூசிய பலூனால் விரித்துவிட்டார்கள். கீழ்வீட்டுக் காகுதான் கையெழுத்துப் போட்டார், இரண்டு நாளும் கஞ்சி கொண்டுவந்தார். மகளிடம் அன்று இரவு சொன்னேன். அவள் கோபித்துக்கொண்டது நோயைப் பற்றியல்ல, முறுக்கு பிழிந்ததைப் பற்றி.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். அட்மிட் ஆவதற்கு முன்பு மட்டும் எண்டாஸ்கோப்பி 7,500, எக்கோ 2,000, டி.எம்.டி. 1,800, சி.டி. 14,500, தாலியம் 16,000, டாக்டர் ஃபீஸ் ஐந்து தடவைக்கு 6,000, ஆக 47,800 ரூபாய். என் பாலிசியில், அட்மிட் ஆவதற்கு முந்தைய 60 நாட்களில் அதே நோய்க்காகச் செய்த டெஸ்ட்டுகளுக்குப் பணம் உண்டு. டி.எம்.டி.யும் எக்கோவும் ஒன்பது நாளில் தவறிப்போயின. சி.டி. தேதிக்குள்தான் இருந்தது, டாக்டர் சீட்டு இல்லாததால் தள்ளிவிட்டார்கள். தாலியமும் ஒரு ஃபீஸும் மட்டும் சேர்த்து 17,200 திரும்பி வந்தது. 30,600 போனது போனதுதான். உங்கள் பாலிசியில் 30 நாளா 60 நாளா என்று இப்போதே பாருங்கள். எந்த டெஸ்ட்டானாலும் டாக்டர் சீட்டு, பில், ரிப்போர்ட் மூன்றையும் சேர்த்தே வையுங்கள்.

இதெல்லாம் நடந்தால் வந்து நின்றால் போகிற நோவுக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தால், பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால், வேர்த்துக் கொட்டினால், டி.எம்.டி.யும் வேண்டாம் தாலியமும் வேண்டாம், நேராக எமர்ஜென்சிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். அந்த நிலையில் இதயத்தை வேலை வாங்குகிற டெஸ்ட்டே ஆபத்து. கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுத்தேன் என்று சொன்னேனே, அந்த இரவுகளில் நான் ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டும்.

பலூனுக்குப் பிறகு எனக்கு நேர்மாறான பயம் பிடித்துக்கொண்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தாலியம் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். டாக்டர் வேண்டாம் என்றார். கொரியாவில் ஸ்டென்ட் வைத்த, ஆபத்து அதிகமுள்ள 1,706 பேரை வைத்துப் பார்த்து 2022-ல் வெளியிட்டார்களாம். ஒரு பாதிப் பேருக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒரு வருஷத்தில் இப்படி ஒரு டெஸ்ட், மறுபாதிக்குத் தொந்தரவு வந்தால் மட்டும். இரண்டு வருஷம் கழித்து மரணத்திலோ மாரடைப்பிலோ இரண்டு பக்கத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தொந்தரவு இல்லாதவர் வருஷா வருஷம் கதிர் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் தொந்தரவு வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார். அதனால் இப்போது டெஸ்ட் எதுவும் இல்லை. சர்க்கரையும் கொழுப்பும் கட்டுக்குள், மாத்திரை வேளாவேளைக்கு, மூன்று மாடியை எங்கே நின்று ஏறினேன் என்று காலண்டரில் ஒரு குறி. தைப்பூசத்தன்று கோயில் படியை நிற்காமல் ஏறினேன்.

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற பெண் வந்தாள். அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் ஸ்டென்ட், ஊரில் சைக்கிள் மிதித்தால் நெஞ்சு இறுக்குகிறதாம், தம்பி சி.டி. எடுக்கலாம் என்கிறானாம். ஃபைலைத் தேடி ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மத்தியானம் வந்தது. 3.50 × 18. "இதை டாக்டர்கிட்ட காட்டி, இந்த அளவுக்கு சி.டி.யில தெரியுமான்னு கேளு. ஸ்டென்ட்டுக்கு முன்னாடி வந்த அதே இறுக்கம்தானான்னு அப்பாகிட்ட இன்னைக்கே கேளு" என்றேன். அவள் அங்கேயே நின்று போன் போட்டாள்.